மீன் பிடிக்கப் போகிறவர்களுக்கு ஏன் இவ்வளவு அவசரம்?

இந்த எபிசோட்ல நாம பேசப்போறது அமெரிக்காவோட மீன்பிடிப் போட்டிகளைப் பத்தி. "தூண்டிலைப் போட்டுட்டு உட்கார்ந்திருக்கிறதுல என்னப்பா போட்டி?" என்று கேட்பவர்களுக்கு முதலில் ஒரு செய்தி.

2025 ஏப்ரல் 16, காலை ஏழு மணி வாக்கில், அலபாமா மாநிலத்தில் லூயிஸ் ஸ்மித் என்ற ஏரி. மேஜர் லீக் ஃபிஷிங் என்ற அமைப்பு நடத்திய போட்டி அன்று நடந்துகொண்டிருந்தது. போட்டியாளர் ஒருவரின் படகும், போட்டிக்குச் சம்பந்தமே இல்லாத இன்னொரு படகும் மோதின. அந்த இன்னொரு படகில் இருந்த மூன்று பேர் இறந்துபோனார்கள். போட்டி ரத்தானது.

தூண்டில் போடும் விளையாட்டில் மூன்று பேர் எப்படி சாகிறார்கள்? இந்தப் போட்டிக்கு வரும் படகுகள் மணிக்கு 110 கிலோமீட்டருக்கு மேல் போகும். ஹைவேயில் கார் போகிற வேகம். ஆனால் தண்ணீரில் லேன் கிடையாது, பிரேக் கிடையாது. 110 என்றால் ஒரு நொடிக்கு 30 மீட்டர். எதிரில் வருகிறவரும் அதே வேகத்தில் வந்தால் நொடிக்கு 60 மீட்டர். போனில் நேரம் பார்த்துவிட்டு தலையைத் தூக்குவதற்குள் கதை முடிந்துவிடும்.

இதைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "ஓட்டுறவங்களுக்குப் பொறுப்பு இல்ல." இருக்கலாம். ஆனால் இந்தப் போட்டிகளின் வரலாற்றைப் படித்தபோது எனக்கு வேறொன்று தோன்றியது. வேகத்தைக் கேட்பது விதிப்புத்தகம்தான்.

சரி, ஆரம்பத்துக்குப் போவோம்.

பாஸ் என்று ஒரு மீன். ஆபீஸ் பாஸ் இல்லீங்க, லார்ஜ்மவுத் பாஸ். நன்னீரில் வாழும், சின்ன மீன்களை வேட்டையாடித் தின்னும், தூண்டிலில் சிக்கினால் குதித்துக் குதித்துப் போராடும். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இதைப் பிடிப்பது கிட்டத்தட்ட மதம் மாதிரி. 1960களில் மான்ட்கோமரி நகரத்தில் ரே ஸ்காட் என்ற ஒரு இன்சூரன்ஸ் ஏஜெண்ட் இருந்தார். மிசிசிப்பி மாநிலம் ஜாக்சனில் மீன் பிடிக்கப் போன இடத்தில் மழை. மோட்டல் அறைக்குள் உட்கார்ந்து டிவியில் பாஸ்கெட்பால் பார்த்துக்கொண்டிருக்கும்போது யோசனை வருகிறது: இதுக்கெல்லாம் லீக் இருக்கு, மீன் பிடிக்க ஏன் இல்ல?

1967 ஜூன் மாதம், ஆர்கன்சாஸின் பீவர் ஏரியில் முதல் போட்டியை நடத்திவிட்டார். 106 பேர் வந்தார்கள், ஆளுக்கு 100 டாலர் நுழைவுக் கட்டணம். நாஷ்வில்லைச் சேர்ந்த ஸ்டான் ஸ்லோன் ஜெயித்தார். அடுத்த வருடத்துக்குள் பாஸ் ஆங்லர்ஸ் ஸ்போர்ட்ஸ்மேன் சொசைட்டி என்ற அமைப்பு உருவானது. அதன் பெயர்ச் சுருக்கமும் பி.ஏ.எஸ்.எஸ். தான். இன்சூரன்ஸ் விற்றவருக்குப் பெயர் வைக்கவா தெரியாது.

ஸ்காட்டுக்கு முன்னால் இருந்த பெரிய பிரச்சினை, மீன் பிடிப்பவர்கள் பொய் சொல்வார்கள் என்பது. உலகம் முழுக்க அப்படித்தான். காசு வைத்தால் ஏமாற்றுவார்கள். அதற்கு அவர் கண்டுபிடித்த வழி அழகானது: ஒருவரையொருவர் தெரியாத இரண்டு பேரைக் குலுக்கல் முறையில் ஒரே படகில் ஏற்றிவிடு. இவர் அவரைக் கண்காணிப்பார், அவர் இவரைக் கண்காணிப்பார். இன்றைக்கும் பல போட்டிகளில் இந்த ஜோடி முறை இருக்கிறது. இதன் விளைவு ஒன்றைக் கவனியுங்கள். படகின் ஒரு சீட்டில் த்ராட்டிலைப் பிடித்திருப்பவர், பக்கத்து சீட்டில் முந்தின நாள் சாயங்காலம்தான் அவரோட பெயரே தெரிய வந்த ஒருத்தர். வேகம் எவ்வளவு என்பதில் அவருக்கு எந்தப் பிடியும் இல்லை. கைப்பிடியைத் தவிர.

படகுகளும் இந்தப் போட்டிகளோடு சேர்ந்தே வளர்ந்தன. ஆர்கன்சாஸில் ஃப்ளிப்பின் என்ற சின்ன ஊர். அங்கே மீன்பிடி வழிகாட்டியாக இருந்த ஃபாரஸ்ட் வுட் 1968இல் ஆறு படகுகள் கட்டினார். அதுதான் ரேஞ்சர் கம்பெனி. அவரே ஸ்காட்டின் போட்டிகளில் கலந்துகொண்டவர். அதாவது பயனாளரே புராடக்டையும் டிசைன் செய்கிறார், எங்கள் துறையில் இதை ரொம்பப் பெருமையாகச் சொல்வார்கள். 1976இல் மெர்க்குரி நிறுவனம் 175 குதிரைத்திறன் வி-6 அவுட்போர்டு மோட்டாரைக் கொண்டுவந்தது. போட்டி விதிகளில் ஒரு காலத்தில் 150 குதிரைத்திறன்தான் உச்சவரம்பு. இன்றைக்கு 250.

ஏன் இந்த வேகம் தேவைப்பட்டது? ஒரு கணக்குப் போடலாம்.

நியூயார்க், வெர்மான்ட் மாநிலங்களுக்கு நடுவில் சாம்ப்ளெய்ன் ஏரி. வடக்கே பிளாட்ஸ்பர்க் ஊரில் போட்டி தொடங்கும். தெற்குக் கோடியில் டிகண்டரோகா, நல்ல பெரிய லார்ஜ்மவுத் கிடைக்கும் இடம். தண்ணீர் வழியாகச் சுமார் 100 கிலோமீட்டர். நடுவில் அகலமான திறந்த ஏரி, காற்று அடித்தால் கடல் மாதிரி அலை வரும். போட்டி நாள் எட்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 110 போனால் ஒரு வழிக்கு 55 நிமிடம். நிதானமாக 65இல் போனால் 92 நிமிடம். போக வர இரண்டையும் சேர்த்தால், வேகமாகப் போனவருக்கு ஒன்றேகால் மணி நேரம் கூடுதலாகத் தூண்டில் தண்ணீரில் இருக்கும். எண்பதாயிரம், லட்சம் டாலர் பரிசு இருக்கிற இடத்தில் ஒன்றேகால் மணி நேரத்தை யார் விட்டுக்கொடுப்பார்கள்?

திரும்பி வருவது இன்னும் மோசம். பி.ஏ.எஸ்.எஸ். விதிப்படி குறித்த நேரத்துக்கு ஒரு நிமிடம் தாமதமாக வந்தால் மொத்த எடையில் ஒரு பவுண்ட், அதாவது 450 கிராம், கழிந்துவிடும். இரண்டு நிமிடம், இரண்டு பவுண்ட். 15 நிமிடம் தாண்டினால் அன்றைய மீன் முழுக்கப் போச்சு. ஐந்து மீன்தான் கணக்கு. அந்த ஐந்தும் சேர்ந்து 15, 20 பவுண்ட் வந்தாலே நல்ல நாள். நான்கு நிமிடத் தாமதத்தில் அதில் ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போகும். வெற்றி தோல்வியோ பல சமயம் சில அவுன்ஸில் தீர்மானமாகும். காற்று எழும்பிவிட்டது, அலை ஒரு மீட்டர், கையில் இன்னும் 40 நிமிடம்தான். நீங்களா இருந்தா மெதுவா வருவீங்களா?

இங்கே ரே ஸ்காட்டுக்கு நியாயம் செய்யணும். இந்த ஆள் பாதுகாப்பை மறந்தவர் இல்லை. அந்தக் காலத்தில் லைஃப் ஜாக்கெட் போடுவது ஆண்மைக்கு இழுக்கு மாதிரிப் பார்க்கப்பட்டது. ஸ்காட் சொன்னது நேரடியானது: மோட்டார் ஓடும்போது போடலையா, போட்டியிலேருந்து வெளியே. அதே போல கில் சுவிட்ச். ஓட்டுநரின் ஜாக்கெட்டிலிருந்து ஒரு கயிறு சுவிட்சுக்குப் போகும். அவர் தூக்கி வீசப்பட்டால் கயிறு இழுபட்டு மோட்டார் நின்றுவிடும். இது இல்லையென்றால் என்ன ஆகும்? ஓட்டுநர் இல்லாத படகு நேராகப் போவதில்லை. ப்ரொப்பெல்லரின் திருகுவிசையில் ஸ்டியரிங் ஒரு பக்கமாகத் திரும்பிக்கொள்ளும். படகு வட்டமடித்து, தண்ணீரில் விழுந்தவரை நோக்கியே திரும்பி வரும். ப்ரொப்பெல்லரோடு.

ஊருக்கெல்லாம் ஹீரோவான போட்டியாளர்கள் ஜாக்கெட்டோடு போட்டோவில் வந்தபோது, மற்றவர்களும் போட ஆரம்பித்தார்கள். அமெரிக்கச் சட்டம் இதற்கு எவ்வளவு பின்னால் வந்தது தெரியுமா? 26 அடிக்குக் குறைவான படகை ஓட்டுபவர் வேகமாகப் போகும்போது கில் சுவிட்சைக் கட்டாயம் மாட்டியிருக்கணும் என்ற மத்திய அரசு விதி அமலுக்கு வந்தது 2021 ஏப்ரல் 1. ஸ்காட்டின் போட்டிகள் அதைக் கேட்டுப் பல பத்தாண்டுகள் ஆனபிறகு.

எண்கள் மாறியதும் உண்மை. 1971இல் ஒரு சட்டம் வந்தது, ஃபெடரல் போட் சேஃப்டி ஆக்ட். அப்போது அமெரிக்காவில் பதிவான ஒரு லட்சம் படகுக்கு வருடத்தில் 20.6 பேர் இறந்தார்கள். 2023இல் அது 4.9. அந்த வருடம் மொத்தம் 564 பேர். காரணம் தெரிந்த மரணங்களில் நான்கில் மூன்று, மூழ்கி இறந்தது. அப்படி மூழ்கியவர்களில் 87 சதவீதம் பேர் லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கவில்லை. ஆக ஸ்காட் பிடிவாதமாக இருந்தது சரியான இடத்தில்தான்.

ஆனால் ஜாக்கெட்டும் கில் சுவிட்சும் என்ன செய்கின்றன? விழுந்த பிறகு காப்பாற்றுகின்றன. எர்ரர் வந்த பிறகு பிடிக்கிற கோடு மாதிரி. எர்ரர் வராமல் இருக்க என்ன செய்தார்கள்?

1972இல் ஸ்காட் இன்னொரு பெரிய காரியம் செய்தார். பிடித்த மீனைக் கொல்லாதே, எடை போட்டுவிட்டு உயிரோடு ஏரியில் விடு என்றார். படகில் தண்ணீர் ஓடும் தொட்டி வந்தது. செத்த மீன் கொண்டுவந்தால் எடையில் அபராதம், பி.ஏ.எஸ்.எஸ். போட்டிகளில் இப்போது ஒரு மீனுக்கு நான்கு அவுன்ஸ். அருமையான விதி, நிஜமாகவே பழக்கத்தை மாற்றிய விதி. ஆக தாமதத்துக்கு எடையில் ஒரு விலை இருக்கிறது, செத்த மீனுக்கு ஒரு விலை இருக்கிறது. எவ்வளவு வேகமாக வந்தாய் என்பதற்கு எடையில் ஒரு அவுன்ஸ்கூடக் குறைவதில்லை.

சட்டத்தின் பக்கமும் ஒரு வேடிக்கை இருக்கு. எஞ்சினியர்களுக்குப் பிடிக்கும். 20 அடிக்குக் குறைவான படகில் அதிகபட்சம் எவ்வளவு குதிரைத்திறன் மாட்டலாம் என்பதற்கு அமெரிக்கக் கடலோரக் காவல்படையிடம் ஒரு சூத்திரம் உண்டு. படகின் நீளத்தையும் பின்பக்கப் பலகையின் அகலத்தையும் அடியில் பெருக்கணும். ஸ்டியரிங் வைத்த சாதாரண பாஸ் படகு என்றால், அதை இரண்டால் பெருக்கி 90 கழிக்கணும். 18 அடி நீளம், 7 அடி அகலம்: 126. இரண்டு மடங்கு 252. கழித்தால் 162. அடுத்த ஐந்தின் மடங்குக்கு உயர்த்தினால் 165. அதை ஒரு தகட்டில் எழுதிப் படகில் ஒட்டணும்.

20 அடியைத் தாண்டினால்? சூத்திரம் பொருந்தாது. சட்டம் தகடு கேட்பதில்லை. பெரும்பாலான நிறுவனங்கள் தாங்களாகவே ஒரு வரம்பு எழுதி ஒட்டுகின்றன, ஆனால் அது அவர்கள் முடிவு. இன்றைக்குப் பெரிய போட்டிகளில் பார்க்கும் படகுகள் 20, 21 அடி, பின்னால் 250 குதிரைத்திறன். இந்த ஓட்டைக்காகவே நீளமாக்கினார்கள் என்று நான் சொல்லவில்லை; பெரிய ஏரிகளில் அலையைத் தாங்க நீளம் வேண்டும். ஆனாலும் அந்த எல்லைக்கோட்டுக்கு எந்தப் பக்கம் எல்லாரும் நிற்கிறார்கள் என்று பாருங்கள்.

"அப்போ வேக வரம்பு வெச்சா போதாதா?" என்று கேட்கலாம். வைக்கலாம். ஆனால் கடிகாரம் அப்படியே இருந்தால் எல்லாரும் அந்த வரம்பில் ஒட்டிக்கொண்டுதான் ஓட்டுவார்கள், ஒரு லட்சம் ஏக்கர் ஏரியில் யார் பார்ப்பது? எனக்குப் பிடித்த பதில் வேறு இடத்தில் இருக்கிறது. மேஜர் லீக் ஃபிஷிங் 2019இல் தொடங்கிய பாஸ் ப்ரோ டூர் என்ற போட்டித் தொடர்.

அதில் மீனைக் கரைக்குக் கொண்டுவருவதே இல்லை. படகிலேயே ஒரு நடுவர் இருப்பார், பிடித்தவுடன் எடை போட்டு அங்கேயே விட்டுவிடுவார்கள். காலையில் முதலில் எல்லாரும் தங்கள் இடத்துக்குப் போய்விடணும். அதற்குப் பிறகு குறித்த நேரத்தில்தான் "லைன்ஸ் இன்", தூண்டிலைத் தண்ணீரில் போடலாம். சாயங்காலம் "லைன்ஸ் அவுட்" என்றதும் போட்டி முடிந்தது. முடிந்த பிறகு கரைக்கு எப்போது வந்து சேர்ந்தால் என்ன? ஸ்கோர் ஏற்கெனவே எழுதியாச்சு. பாதி நாளில் இடம் மாற்றும்போது அவசரம் இருக்கத்தான் செய்யும். ஆனால் திரும்பி வரும் அந்தப் பைத்தியக்கார ஓட்டம் அப்படியே மறைந்துவிடுகிறது. யாருக்கும் அறிவுரை சொல்லவில்லை, யாரையும் திட்டவில்லை. நிமிடத்துக்கு இருந்த விலையை எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

ஸ்மித் ஏரியில் அன்று நடந்தது இந்த வகைப் போட்டி இல்லை. அதே அமைப்பு நடத்தும் வேறொரு தொடர். ஐந்து மீன், காலையில் கரையிலிருந்து வரிசையாகப் புறப்பாடு, சாயங்காலம் மேடையில் எடை என்ற பழைய முறை. அந்த விபத்துக்கு எது காரணம் என்பது விசாரணையின் வேலை. நான் பார்ப்பது, ஒரே அமைப்பின் கையில் இரண்டு விதிப்புத்தகம் இருந்தது என்பதை மட்டும்.

பழைய முறை ஏன் போகவில்லை என்பதற்கும் காரணம் இருக்கு. உயிரோடு மீனைத் தூக்கிக்கொண்டு மேடையேறுவது ஸ்காட்டின் மிகப் பெரிய கண்டுபிடிப்பு. பாஸ்மாஸ்டர் கிளாசிக் என்ற வருடாந்தர இறுதிப் போட்டிக்கு, எடை போடுவதைப் பார்க்க மட்டும் பெரிய உள்ளரங்கம் நிறையக் கூட்டம் வருகிறது. படகோடு சேர்த்து வீரரை உள்ளே இழுத்து வருவார்கள். லைட், பாட்டு, பை நிறைய மீன். ஸ்பான்சர்களின் பெயர் எல்லாம் அங்கேதான் தெரியும். அந்த மேடை வேண்டுமென்றால் மீன் கரைக்கு வரணும். சரியான நேரத்துக்கு வரணும்.