மெயின் பேரிங் பொருத்தும் முறை: எண்ணூர், திருவொற்றியூர் மோட்டார் தொழிலின் பின்னணியில்

மெயின் பேரிங் என்பது என்ஜினின் கிராங்க் ஷாஃப்ட்டைத் தாங்கும் பகுதி ஆகும். பிஸ்டன்களின் மேல்கீழ் அசைவைச் சுழற்சியாக மாற்றுவது கிராங்க் ஷாஃப்ட். அது என்ஜின் பிளாக்கில் தடையின்றிச் சுழல இடம் தருபவை மெயின் பேரிங்குகள். நான்கு சிலிண்டர் என்ஜினில் இவை பொதுவாக மூன்று அல்லது ஐந்து இருக்கும். ஆறு சிலிண்டர் டீசல் என்ஜினில் பெரும்பாலும் ஏழு இருக்கும். என்ஜினைப் புதுப்பிக்கும்போது இவற்றைப் பொருத்துவதில் தலைமுடியின் பருமன் அளவு தவறினாலே உழைப்பு முழுவதும் வீணாகிவிடும்.

வட சென்னையில் மோட்டார் தொழில்

1948-இல் ரகுநந்தன் சரண் தம் மகனின் பெயரில் அசோக் மோட்டார்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். 1949-இல் ஆஸ்டின் ஏ40 கார்களை ஒன்றுசேர்க்கும் பணி தொடங்கியது. 1950-இல் இங்கிலாந்தின் லேலண்ட் நிறுவனத்துடன் உடன்பாடு ஏற்பட்டது. 1955-இல் நிறுவனம் அசோக் லேலண்ட் எனப் பெயர் மாறியது. எண்ணூர் ஆலை அதன் தாய் ஆலையாக வளர்ந்தது. அதே 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்துடன் இணைந்து என்ஃபீல்டு இந்தியா உருவானது. அதன் புல்லட் மோட்டார் சைக்கிள்கள் திருவொற்றியூரில் தயாராயின.

அருகருகே அமைந்த இவ்விரு ஆலைகளின் என்ஜின்களில் பேரிங் வகை வேறு வேறு. ஒற்றை சிலிண்டர் கொண்ட பழைய புல்லட்டில் கிராங்க்கைத் தாங்கியவை பந்து, உருளை பேரிங்குகள். கார், லாரி என்ஜின்களில் இருந்தவை உருளும் உறுப்பு ஏதுமற்ற வழவழப்பான பேரிங்குகள். பொருத்துபவரின் திறமையை அதிகம் சோதித்தவை இவையே.

எண்ணெய்ப் படலம்

வழவழப்பான பேரிங்கில் உலோகமும் உலோகமும் உரசுவதில்லை. 1883-இல் இங்கிலாந்தில் பொசாம்ப் டவர் ஒரு சோதனை செய்தார். பேரிங்கில் அவர் இட்ட துளையை அடைத்த மரக்கட்டையை உள்ளிருந்த எண்ணெய் வெளியே தள்ளிவிட்டது. சுழலும் தண்டே எண்ணெயை இழுத்து அழுத்தம் உண்டாக்கி, தன்னைத் தூக்கிக்கொள்கிறது என்பது இதனால் தெரிந்தது. 1886-இல் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணித விளக்கம் அளித்தார். எனவே இடைவெளி குறைந்தால் எண்ணெய் நுழையாது. கூடினால் அழுத்தம் நிற்காது. சுமார் 50 மி.மீ. விட்டமுள்ள தண்டுக்குத் தேவையான இடைவெளி ஏறத்தாழ 0.05 மி.மீ. மட்டுமே.

சுரண்டிப் பொருத்திய காலம்

1839-இல் அமெரிக்கரான ஐசக் பாபிட் உருவாக்கிய வெள்ளீயம், ஆன்டிமனி, செம்புக் கலவையே 'ஒயிட் மெட்டல்' எனப்பட்டது. தொடக்ககால என்ஜின்களில் இதை உருக்கி ஊற்றிக் கடைந்தனர். தண்டில் நீலச் சாயம் தடவிச் சுழற்றி, சாயம் ஒட்டிய மேடுகளைக் கையால் சுரண்டினர். மேல்மூடியான கேப்பின் அடியில் மெல்லிய தகடுகள் இருக்கும். பேரிங் தேய்ந்தால் ஒரு தகட்டை எடுத்துவிட்டு மீண்டும் இறுக்கினால் போதும்.

ஷெல் பேரிங்கின் வருகை

1930-களில் அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிராஃபைட் பிரான்ஸ் நிறுவனத்தின் உரிமத்துடன் டோனி வாண்டர்வெல் இங்கிலாந்தில் மெல்லிய ஷெல் பேரிங்குகளைத் தயாரித்தார். இவை எஃகு முதுகில் மென்மையான கலவை பூசிய அரைவட்ட ஓடுகள். போருக்குப் பிந்தைய என்ஜின்களில் இவையே பரவின. தமிழ்நாட்டில் அமால்கமேஷன்ஸ் குழுமத்தின் பைமெட்டல் பேரிங்ஸ் 1961-இல் தொடங்கப்பட்டது.

ஷெல் வந்ததும் பழைய கைவேலை உதவாமல் போனதோடு தீங்காகவும் மாறியது. பழைய வழக்கப்படி கேப்பை அரத்தால் ராவி இறுக்கினால் வட்டத் துளை நீள்வட்டமாகிவிடும். எண்ணெய்ப் படலம் அறுந்து ஷெல் தண்டோடு ஒட்டிக்கொள்ளும். ஷெல்லைச் சுரண்டினால் மெல்லிய பூச்சே போய்விடும்.

சரியாகப் பொருத்தும் முறை

முதலில் தண்டை மைக்ரோமீட்டரால் பல கோணங்களில் அளக்க வேண்டும். தேய்ந்திருந்தால் 0.25 அல்லது 0.50 மி.மீ. குறைத்துச் சாணை பிடித்து, அதற்கேற்ற தடித்த ஷெல் வாங்க வேண்டும். எண்ணெய் வழிகளில் சாணைத் தூள் எஞ்சக்கூடாது. ஷெல்லின் முதுகும் அது அமரும் இடமும் துடைத்து உலர்ந்திருக்க வேண்டும். உட்புறத்தில் மட்டுமே எண்ணெய் தடவ வேண்டும். எண்ணெய்த் துளைகள் நேர்பட வேண்டும். ஷெல்லின் விளிம்புகள் மயிரிழை உயர்ந்து நிற்பது குறையல்ல. கேப்பை இறுக்கும்போது ஷெல் அழுந்தி நழுவாமல் நிற்பது அதனால்தான்.

கேப்களை எண் மாறாமல், திசை மாறாமல் அமைத்து, குறிப்பிட்ட முறுக்குவிசையில் படிப்படியாக இறுக்க வேண்டும். பிளாஸ்டிக் இழையை இடையில் வைத்து இறுக்கி, நசுங்கிய அகலத்தைக் கொண்டு இடைவெளியைச் சரிபார்க்கலாம். பின்னர் இழையை அகற்றி, எண்ணெய் தடவி, ஒவ்வொரு கேப்பையும் இறுக்கியதும் தண்டைக் கையால் சுழற்றிப் பார்க்க வேண்டும். எந்தக் கேப்பை இறுக்கியபின் சுழற்சி கடினமாகிறதோ, குறை அங்கே இருக்கிறது.

சுரண்டும் கருவியின் இடத்தை மைக்ரோமீட்டர் பிடித்துக்கொண்டது. ஆயினும் கடைசிச் சோதனை மட்டும் இன்றும் கைக்கே உரியதாக இருக்கிறது.