திரைக்குப் பின்னே ஒரு மொழிபெயர்ப்பாளர்

கணிப்பொறி தன் நினைவகத்தில் ஒரு விவரத்தை வைத்திருக்கும் வடிவம் வேறு. திரையில் நாம் காண விரும்பும் வடிவம் வேறு. கட்டணம் கட்டியாயிற்றா என்பது உள்ளே ‘மெய்’ அல்லது ‘பொய்’ என்றே பதிவாகியிருக்கும். திரையிலோ, கட்டாதவர் பெயர் சிவப்பாகத் தெரியவேண்டும். இந்த மாற்றத்தைச் செய்வது யார்? இக்கேள்விக்குத் தெளிவான விடை உருவாகக் கால் நூற்றாண்டு ஆயிற்று.

1979-ல் அமெரிக்காவில், ஸெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வுக்கூடத்தில் தங்கியிருந்த நார்வே நாட்டு அறிஞர் ட்ரிக்வே ரீன்ஸ்காக், விவரம் ஒரு பகுதி, அதைக் காட்டும் காட்சி மற்றொரு பகுதி எனப் பிரிக்கும் முறையை வகுத்தார். பிரித்தவற்றை மீண்டும் தானாக இணைப்பதே ‘தரவுப் பிணைப்பு’. விவரம் மாறினால் திரை மாறும். திரையில் தட்டச்சு செய்தால் விவரம் மாறும்.

2002-ல் வெளியான மைக்ரோசாப்டின் விண்டோஸ் ஃபார்ம்ஸில் இவ்வசதி இருந்தது. ஆனால் வடிவ மாற்றத்துக்கான கட்டளைகளை ஒவ்வொரு பிணைப்போடும் தனித்தனியே சேர்க்கவேண்டும். ஒரே கட்டளை பல படிவங்களில் எழுதப்பட்டால், ஓரிடத்தில் பிழை திருத்தினாலும் மற்ற இடங்களில் அது தங்கிவிடும்.

2003-ல் ஆப்பிள், மாக் ஓஎஸ் எக்ஸ் 10.3 பதிப்பில், மாற்றும் வேலையைப் பெயரிட்ட தனி உறுப்பாக்கியது. 2006-ல் மைக்ரோசாப்டின் டபிள்யூ.பி.எஃப். இதே வழியில் ‘மதிப்பு மாற்றி’யைத் தந்தது. ஒருமுறை எழுதினால் போதும். எத்தனை திரைகளிலும் பயன்படுத்தலாம்.

இம்மாற்றிக்கு இரண்டு கடமைகள்: விவரத்தைத் திரைக்கு ஏற்ப மாற்றுவது, திரையில் உள்ளதை விவரமாகத் திருப்புவது. பின்னதே கடினம். டபிள்யூ.பி.எஃப்.-ல் ஓர் உறுப்பு தெரியலாம்; மறைந்தும் தன் இடத்தைப் பிடித்திருக்கலாம்; இடத்தையும் விட்டு மறையலாம். மூன்று நிலைகளை மெய், பொய் என்ற இரண்டுக்குள் அடக்கினால், பிந்திய இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அழிந்துவிடும். திரும்பப் பெற முடியாது. அதனால்தான் ஆப்பிளின் முறையில், திருப்ப இயலுமா என்பதை மாற்றியே அறிவிக்கவேண்டும்.

இன்னோர் ஆபத்தும் உண்டு. வேறு ஏற்பாடு செய்யாவிட்டால், டபிள்யூ.பி.எஃப். மாற்றிக்கு அமெரிக்க வழக்கத்தையே தெரிவிக்கும். ஏப்ரல் 3 என்ற நாள் 4/3 எனத் திரையில் தோன்றும். பிரிட்டனில் உள்ளவர் அதை மார்ச் 4 என்று படிப்பார். அது மருத்துவரைக் காணவேண்டிய நாளாக இருந்தால் என்ன ஆகும்?

நூறு இடங்களில் பயன்படும் மாற்றியின் பிழை நூறு இடங்களிலும் தெரியும். ஆனால் அதைத் திருத்த ஓரிடத்தைத் தொட்டால் போதும். இதுவே இம்முறையின் பலன்.