தீவகத்தை அளந்த பிரமாணங்கள்

யாழ்ப்பாணத்துக்கு மேற்கே கிடக்கும் தீவுகளுக்கு ஒல்லாந்தர் தம் தேசத்து நகரங்களின் நாமங்களைச் சூட்டினர். வேலணை லைடன் ஆயிற்று, நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று, நெடுந்தீவோ டெல்ஃப்ற் என்ற அப்பெயரை ஆங்கிலப் படங்களில் இன்றும் தாங்கி நிற்கிறது. பெயரிட்டதோடு நில்லாமல், காணி எவருடையது, எவ்வளவு என்று தோம்பு என்னும் காணிப் பதிவேட்டில் பதிந்தும் வைத்தனர். பின்வந்த ஆங்கிலேயர் 1800 ஆகஸ்ட் 2இல் நில அளவைத் திணைக்களத்தை ஸ்தாபித்தனர். நீர்கொழும்பை அடுத்த கந்தவளையை மூலஸ்தானமாகவும், ஜோர்ஜ் எவரெஸ்ட் 1830இல் கணித்த பூமியின் வடிவத்தைப் பிரமாணமாகவும் கொண்டு இலங்கையின் முக்கோண அளவை அமைந்தது.

இந்தச் சரித்திரத்தை அறியாதவர், வேலணையின் சாட்டி வெள்ளைக் கடற்கரையில் கையடக்க ஜிபிஎஸ் கருவியோடு நின்று அதன் துல்லியத்தைச் சோதித்தல் இயலாது. கருவி சொல்லும் இடத்தைப் பழைய படத்தில் அப்படியே குறித்தால் அது நூறு மீற்றருக்கும் மேலாக விலகி விழும். ஆனால் அந்த விலகல் யந்திரத்தின் குற்றமன்று, கருவி ஒரு பூமியையும் படம் வேறொரு பூமியையும் பிரமாணமாகக் கொண்டதன் விளைவு. 1999இல் செய்மதி அளவைகளால் புதிய தேசியப் பிரமாணம் வகுக்கப்பட்டதும், 2000 மே மாதத் தொடக்கத்தில் ஜிபிஎஸ் சமிக்ஞையில் அமெரிக்கா தான் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை நீக்கியதும், ஏறக்குறைய ஒரே காலத்தில் நிகழ்ந்தன. அதுவரை நூறு மீற்றர் வரை தடுமாறிய எளிய கருவிகள் அதன்பின் பத்து மீற்றருக்குள் நெருங்கலாயின.

உயரத்தின் கதை இதனினும் வியப்புக்குரியது. உலகின் கடல்மட்டம் கணிதக் கோளத்தினின்று மிக ஆழமாகத் தாழ்ந்திருக்கும் பிரதேசம் இலங்கைக்குத் தெற்கேயுள்ள இந்து சமுத்திரம். ஆதலால், திருத்தம் செய்யாத உயரத்தைக் காட்டும் கருவி, சாட்டி மணலில் அலை நனைக்க நிற்பவரையும் கடலுக்குக் கீழே ஏறத்தாழ நூறு மீற்றரில் நிற்பவராகவே கணிக்கும். உவர் சூழ்ந்த இத்தீவகத்தில் சாட்டியின் நன்னீர்க் கிணறுகளின் நீர்மட்டத்தை அளக்க விழைவோருக்கு இது அற்ப விஷயமன்று.

கேரளத்துத் தும்பாவை ராக்கெட் தளமாகத் தேர்ந்ததற்குக் காரணமான காந்த நடுக்கோடு நமக்கும் அருகே செல்வதால், வான்மின் மண்டலம் செறியும் பிற்பகலில் எளிய கருவியின் பிழை காலையினும் மிகும். எனவே திணைக்களம் நாட்டிய கட்டுப்பாட்டுக் கல்லின்மேல் வெவ்வேறு வேளைகளில் நெடுநேரம் வைத்து எடுத்த அளவுகளையே நான் நம்புவேன். ஒருமுறை பார்த்த எண் சோதனையாகாது. அப்படிச் சோதித்த கருவி கிணறுகளையும் கோயில்களையும் படத்தில் குறிக்கப் போதுமானது. எல்லைத் தகராற்றுக்கோ சற்றும் ஆகாது: 16 பரப்பு ஓர் ஏக்கர் என்னும் நம்மூர்க் கணக்கில் ஒரு பரப்புச் சதுரத்தின் பக்கம் ஏறத்தாழ 16 மீற்றர், 5 மீற்றர்ப் பிழை அதில் மூன்றிலொரு பங்கை விழுங்கிவிடும். புலம்பெயர்ந்தோரின் காணிகளுக்குக் கைத்தொலைபேசியைக் கொண்டு வேலி பிரிப்பவர்கள், உறுதியையும் நில அளவையாளரின் வரைபடத்தையும் எடுத்துக்கொண்டு எல்லைக்கல்லைத் தேடிச் செல்லட்டும்.