ஆலைக்கு வரிச் சலுகை: ஆளை எண்ணிய பிறகே கூலி

(வானொலி வேளாண் ஒலிபரப்பில் நிகழ்த்திய பேச்சு)



நம்ம ஊர்ப் பக்கம் ஆலை வரப் போகுதுன்னு பேச்சு கிளம்பினால் முதலில் என்ன கேட்போம்? "நம்ம பையனுக்கு வேலை கிடைக்குமா?" என்றுதான் கேட்போம். அந்த ஆலைக்கு அரசாங்கம் எத்தனை வருஷ வரியை விட்டுக் கொடுத்தது, அந்தப் பணத்துக்கு ஈடு யார் கட்டுகிறார்கள் என்று கேட்கிறவர்கள் குறைவு. இன்றைக்கு அந்த இரண்டாவது கேள்வியின் கதையைச் சொல்கிறேன். கதை நடந்தது அமெரிக்காவில். ஆனாலும் அதில் வருகிறவர்கள் நம்மைப் போலப் பருத்தியும் மக்காச்சோளமும் போட்டுப் பிழைத்தவர்கள்தான்.

அமெரிக்காவின் தெற்கே மிசிசிப்பி என்று ஒரு மாநிலம். நல்ல வண்டல் மண். பருத்திதான் அங்கே உயிர்நாடி. 1907-ல் காயைத் துளைக்கும் கூன்வண்டு அந்த மாநிலத்துக்குள் நுழைந்தது. 1927-ல் பெருவெள்ளம் வந்தது. அதற்கப்புறம் விலையும் விழுந்தது. 1929-ல் ராத்தல் 16 சென்ட்டுக்கு மேல் விற்ற பஞ்சு 1931-ல் 6 சென்ட்டுக்கும் கீழே போய்விட்டது. சென்ட் என்றதும் நிலத்தை நினைச்சுடாதீங்க. ஒரு டாலரில் நூறில் ஒரு பங்கு. பருத்தி போனால் மரமாவது சோறு போடும் என்றால், பைன் மரக் காடுகளையும் வெட்டித் தீர்த்திருந்தார்கள். மர ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. குடியானவனுக்கு வயலிலும் வேலை இல்லை, ஆலையிலும் வேலை இல்லை.

அந்தச் சமயத்தில் கொலம்பியா என்ற சிற்றூரின் மேயராக ஹியூ ஒயிட் என்பவர் இருந்தார். அவரே மர ஆலை முதலாளி. காடு தீர்ந்தால் ஊரும் தீர்ந்தது என்று அவருக்குத் தெரியும். ஊராரைக் கூட்டிப் பணம் திரட்டி, வெளியூர்த் தையல் கம்பெனி ஒன்றை அங்கே கொண்டுவந்தார். இதை மாநிலம் முழுக்கச் செய்யலாம் என்று சொல்லி 1935 தேர்தலில் நின்று கவர்னர் ஆனார். அங்கே கவர்னர் என்றால் நம்ம முதலமைச்சர் மாதிரி, ஜனங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறவர். 'விவசாயத்தையும் தொழிலையும் சமமாக வளர்ப்போம்' என்பது அவருடைய திட்டத்தின் பெயர். 1936-ல் அதைச் சட்டமாக்கினார்கள்.

அந்தச் சட்டம் என்ன சொன்னது? ஓர் ஊர் தன் பேரில் கடன் பத்திரம் விற்றுப் பணம் எடுக்கலாம். அந்தப் பணத்தில் ஆலைக் கட்டடம் கட்டி, கம்பெனிக்கு வாடகைக்கு விடலாம். சொத்து வரியில் 5 வருஷம் விலக்கும் உண்டு. ஆனால் ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் கூடிப் பேசி முடித்துவிட முடியாது. வாக்காளர்களில் நூற்றுக்கு 20 பேர் மனுப் போட வேண்டும். மூன்று பேர் கொண்ட ஒரு கமிஷன், "இந்த ஊரில் வேலைக்கு ஆள் இருக்கிறார்களா, கம்பெனி நாணயமானதா, ஊர் இந்தக் கடனைத் தாங்குமா?" என்று பார்த்துச் சான்று தர வேண்டும். பிறகு ஊர் ஓட்டெடுப்பு. வாக்காளர்களில் பாதிப் பேருக்கு மேல் வந்து ஓட்டுப் போட்டு, அதில் மூன்றில் இரண்டு பங்கு சம்மதம் என்றால்தான் செல்லும். கடனும் ஊரின் சொத்து மதிப்பில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் போகக் கூடாது. பொதுப் பணத்தைத் தனியாருக்குக் கொடுக்கலாமா என்று வழக்குப் போட்டார்கள். 1938-ல் மாநில உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

முதலில் டியூரன்ட் என்ற ஊருக்குக் காலுறை ஆலை வந்தது. நாட்செஸ் என்ற ஊருக்கு டயர் ஆலை வந்தது. பாஸ்ககூலா என்ற கடற்கரை ஊருக்கு 1938-ல் இங்கால்ஸ் கப்பல் கட்டும் தளம் வந்தது. 1940-ல் அந்த முதல் சட்டம் முடிவுக்கு வந்தபோது மொத்தம் 12 ஆலைகள் கணக்கில் இருந்தன. 1944-ல் மறுபடியும் சட்டம் கொண்டுவந்தார்கள். அந்தக் கப்பல் தளம் இன்றைக்கும் நடக்கிறது. 10,000 பேருக்கு மேல் வேலை செய்கிறார்கள். ஊர் சேர்ந்து போட்ட விதை நல்லபடியாக விளைந்ததற்கு அது ஒரு சாட்சி.

மறுபக்கத்தையும் சொல்லணும். பன்னிரண்டில் பெரிய அளவில் வேலை தந்தவை கப்பல் தளமும் டயர் ஆலையும்தான். மற்றவற்றில் பல சின்னத் துணி ஆலைகள், சம்பளம் குறைவு. கூலி மலிவாக இருப்பதையே சொல்லித்தான் கம்பெனிகளைக் கூப்பிட்டார்கள். இன்னொன்று, அந்த மாநிலத்தில் அன்றைக்கு ஏறக்குறையப் பாதிப் பேர் கறுப்பின மக்கள். பருத்தி வயலில் வாரத்துக்கு உழுதவர்களில் பெரும்பாலோர் அவர்கள்தான். அவர்களை ஓட்டுப் போட விடவில்லை. ஆலை வேலையும் பெரும்பாலும் வெள்ளைக்காரர்களுக்கே போனது. ஊர் சம்மதித்தது என்கிறோம். ஊர் என்பதில் யாரைச் சேர்த்தார்கள் என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

சரி, ஒரு மாநிலம் கொடுத்தால் பக்கத்து மாநிலம் சும்மா இருக்குமா? சந்தையில் ஒரு நல்ல மாட்டுக்குப் பத்துப் பேர் விலை கூட்டுகிற மாதிரி, ஒரு கம்பெனிக்காகப் பல மாநிலங்கள் சலுகையைக் கூட்ட ஆரம்பித்தன. 1976-ல் ஃபோக்ஸ்வாகன் கார்க் கம்பெனிக்காக ஒஹாயோவும் பென்சில்வேனியாவும் போட்டி போட்டன. பென்சில்வேனியா ஜெயித்தது. 1978-ல் அங்கே கார் ஓடிவந்தது; 1988-ல் ஆலையை மூடிவிட்டார்கள். பத்தே வருஷம்! இப்படிச் சில அடி பட்ட பிறகு, "சொன்ன வேலையைத் தராவிட்டால் சலுகையைத் திருப்பிக் கட்ட வேண்டும்" என்ற ஷரத்தைப் பல மாநிலங்கள் எழுத ஆரம்பித்தன.

இப்போது நம்ம காலத்துக் கதைக்கு வருவோம். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் செல்போன் செய்யும் ஃபாக்ஸ்கான் கம்பெனியை உங்களுக்குத் தெரியும். அதே கம்பெனி 2017-ல் அமெரிக்காவின் வடக்கே விஸ்கான்சின் மாநிலத்தில் டி.வி. திரை செய்யும் ஆலை கட்டப் போவதாக அறிவித்தது. முதலீடு 1,000 கோடி டாலர், வேலை 13,000 பேருக்கு வரை என்றார்கள். மாநிலம் சுமார் 300 கோடி டாலர் சலுகை தருவதாகச் சட்டம் போட்டது. அதில் 285 கோடி வருமான வரிச் சலுகை: தொழிலாளிக்குக் கொடுக்கிற சம்பளத்தில் நூற்றுக்கு 17, முதலீட்டில் நூற்றுக்கு 15.

இதில் ஒரு சூட்சுமம் இருக்குங்க. அந்த மாநிலத்தில் ஆலைத் தொழிலுக்கு வருமான வரி ஏற்கெனவே இல்லை என்கிற அளவுக்குக் குறைவு. அப்படியானால் எதில் கழிப்பது? கழிக்க வரி இல்லாதபோது, சலுகைத் தொகையைக் கஜானாவிலிருந்து ரொக்கமாகவே தருவார்கள். பேர்தான் வரிச் சலுகை; கையில் வருவது பணம். இந்தப் பணம் வரியாகத் திரும்பி வந்து கணக்கு நேராக 2043-ஆம் வருஷம் போல ஆகும் என்று அந்த மாநிலச் சட்டமன்றத்தின் நிதி அலுவலகமே அன்றைக்குக் கணக்குப் போட்டது.

ஆனால் ஒப்பந்தத்தில் ஒரு நல்ல காரியம் செய்திருந்தார்கள். ஆளை எண்ணிய பிறகுதான் பணம். 2018 கடைசியில் குறைந்தது 260 பேர் வேலையில் இருக்க வேண்டும், இல்லை. பணம் தரவில்லை. 2019-க்கு 520 பேர் வேண்டும். அதிகாரிகள் எண்ணிப் பார்த்ததில் 281 பேர். அந்த வருஷமும் தரவில்லை. 2021 ஏப்ரலில் ஒப்பந்தத்தைத் திருத்தி எழுதினார்கள். புதுக் கணக்கில் வேலை 1,454 பேருக்கு, சலுகை அதிகபட்சம் 8 கோடி டாலர். 300 கோடி எங்கே, 8 கோடி எங்கே! எண்ணாமல் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மாநிலத்தின் கஜானா தப்பித்தது. அந்த ஊரின் கதை வேறே. ஊர் பேர் மவுன்ட் பிளெசன்ட். முட்டைக்கோசும் மக்காச்சோளமும் சோயாவும் விளைந்த பூமி. ஆலைக்காகச் சுமார் 3,000 ஏக்கரைச் சேர்க்க ஊர் நிர்வாகம் கடன் வாங்கியது. நிலம் வாங்கியது, சாலை போட்டது, குழாய் பதித்தது. வீட்டை விட்டுப் போக மனசில்லாதவர்களும் இருந்தார்கள். அந்தப் பகுதியைச் 'சீர்கெட்ட பகுதி' என்று 2018-ல் தீர்மானம் போட்டார்கள், நல்ல வீடுகள் இருக்கும்போதே! ஊர் செலவழித்தது எல்லாம் முன்பணம். எண்ணிப் பார்க்க அங்கே நேரமே இல்லை. இடித்த வீடும் பிடுங்கிய பயிரும் ஒப்பந்தத்தைத் திருத்தினால் திரும்பி வருமா? கம்பெனி 2023 முதல் குறைந்தது 140 கோடி டாலர் சொத்துக்கு உரிய வரியைக் கட்டியே ஆக வேண்டும் என்று ஊர் எழுதி வாங்கியிருந்தது ஒன்றுதான் பிடிமானம். 2023 முதல் அங்கே மைக்ரோசாஃப்ட் கம்பெனி நிலம் வாங்கி, கணினித் தகவல் மையங்கள் கட்டுகிறது. கட்டும்போது நிறைய ஆள் வேண்டும். கட்டி முடித்தால் ஆலை அளவுக்கு ஆள் தேவைப்படாது.

ஆலையே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. மிசிசிப்பியின் கப்பல் தளத்தால் வாழ்ந்த குடும்பங்கள் ஏராளம். ஆனால் நாம் அறுவடைக்கு ஆள் விடுகிறோம். கதிர் அறுத்து, களத்தில் அடித்து, நெல்லை அளந்த பிறகு கூலி அளக்கிறோம். வண்டி வந்து நின்றதுமே முழுக் கூலியையும் அளப்போமா? சலுகையும் அப்படித்தான். வேலை வந்து, ஆளை எண்ணி, அதற்குப் பிறகு தருவதே முறை.

ஆகவே, நாளைக்கு உங்கள் பக்கம் ஓர் ஆலை வருகிறது என்று கிராம சபையில் பேச்சு வந்தால், கூச்சப்படாமல் எழுந்து நாலு கேள்வி கேளுங்கள். எத்தனை வேலை, எந்த ஊர்க்காரருக்கு, என்ன சம்பளம் என்று காகிதத்தில் இருக்கிறதா? சலுகை வேலைக்கு முன்னாலா, பின்னாலா? பாதியில் மூடிவிட்டுப் போனால் எதைத் திருப்பித் தர வேண்டும்? நிலம் கொடுத்தவருக்கு என்ன உறுதி? நாலாவது கேள்வியை மட்டும் மறக்காமல் கேளுங்கள். மற்ற மூன்றையும் பிறகு திருத்தி எழுதலாம். கை மாறிப் போன நிலத்தைத் திருத்தி எழுத முடியாது.