கள்ளுக்கடை வாசலில் நின்ற இளைஞர்கள்

"பையன் கெட்ட சேர்க்கையில் விழுந்துவிட்டான். குடிக்கிறான், அடிதடிக்குப் போகிறான். எத்தனை புத்தி சொன்னாலும் கேட்பதில்லை" என்று தாய்மார்கள் கண்கலங்கிச் சொல்வதை நாம் கேட்டிருக்கிறோம். புத்தி சொல்வது மட்டும் போதுமா? இந்தக் கேள்விக்கு விடை தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. தாசேக் கெலுகோரிலிருந்து வடக்கே மூடா ஆற்றைத் தாண்டி, சுங்கைப் பட்டாணியையும் கடந்தால் பீடோங் வருகிறது. அந்த வட்டாரத் தோட்டங்களின் சரித்திரம் நமக்கு ஒரு விடை தருகிறது.

அந்நாளில் பால்மரத் தோட்டங்களில் பள்ளிக்கூடம் இல்லாத இடம் உண்டு. கள்ளுக்கடை இல்லாத இடம் அரிது. விடியுமுன் பிரட்டுக்கு நின்று, வெயில் ஏறும்வரை மரம் வெட்டிப் பால் எடுத்துத் திரும்பும் தொழிலாளிக்கு, மாலையில் போய் உட்கார வேறு இடம் ஏது? லயத்தில் ஓர் அறை, வெளியே கள்ளுக்கடை. வாரக் கடைசியில் சம்பளத்தின் ஒரு பகுதி அங்கே கரைந்தது. மிச்சத்துக்கு வீட்டில் சண்டை நடந்தது. தகப்பன் போன பாதையிலேயே மகனும் போனான்.

இதைத் தொழிலாளர்களே உணர்ந்தார்கள். 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத்தில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. அதன் கோரிக்கைகளைக் கவனியுங்கள். கூலி உயர்வு கேட்டார்கள். அதோடு, பிள்ளைகளுக்கு நல்ல கல்வி வேண்டும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும், துரையைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றும் கேட்டார்கள். குடியும் கல்வியும் மானமும் ஒன்றோடொன்று பின்னியவை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த வேலைநிறுத்தத்தில் ஐந்து தொழிலாளர்கள் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தனர்.

பிறகு யுத்தம் வந்தது. 1943இல் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து இந்திய தேசிய ராணுவத்துக்குத் தலைமை ஏற்றார். தோட்டத்துப் பிள்ளைகள் பலர் அதில் சேர்ந்தார்கள். பெண்கள் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார்கள். கங்காணிக்கும் கிராணிக்கும் முன்னால் கைகட்டி நின்றவர்கள் அங்கே நிமிர்ந்து நடக்கப் பழகினார்கள். 1945இல் யுத்தம் முடிந்து தோட்டத்துக்குத் திரும்பியபோது அந்த நிமிர்வும் கூடவே வந்தது.

அதன் பலனாகக் கெடாவில் எழுந்ததுதான் தொண்டர் படை. பீடோங் அருகே ஹார்வர்ட் தோட்டத்தை மையமாகக் கொண்டு, ஏ. எம். சாமி என்பவரின் தலைமையில் இளைஞர்கள் திரண்டார்கள். மாலையில் கள்ளுக்கடையில் உட்கார்ந்திருக்க வேண்டிய கால்கள் அணிவகுத்து நடந்தன. அவர்கள் தோட்டம் தோட்டமாகச் சென்று மதுவிலக்கைப் பேசினார்கள். கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்தார்கள். அதுவரை 'கூலிப் பயல்' என்று அழைக்கப்பட்டவனை இப்போது ஊரார் 'தொண்டர்' என்று அழைத்தார்கள். அந்தப் பெயருக்குத் தகுந்தபடி நடக்க வேண்டும் என்ற எண்ணம் அவனுக்கும் வந்தது.

ஆனால் கதையின் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. குடிப்பவர்களைத் தொண்டர்கள் மிரட்டினார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. 1947ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பீடோங்கில் மறியல்காரர்களும் போலீசாரும் மோதினர். ஒரு தொழிலாளி மாண்டார். பலர் சிறை சென்றனர். 1948 ஜூன் மாதம் அவசரகாலம் பிரகடனமானபின் இத்தகைய இயக்கங்களுக்கு இடமே இல்லாமல் போயிற்று. கள்ளுக்கடைகள் மட்டும் நீடித்தன. பின்னாளில் மலிவுச் சம்சுவும் வந்து சேர்ந்தது. 1983இல் நம் அரசாங்கம் போதைப்பொருளை நாட்டின் பெரும் பகை என்று அறிவிக்க வேண்டிய நிலையும் ஏற்பட்டது.

நேயர்களே, தொண்டர் படையிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது எது, விட்டுவிட வேண்டியது எது? மிரட்டலை விட்டுவிடுவோம், ஒரு வன்முறையை மற்றொரு வன்முறையால் துடைக்க முடியாது. ஆனால் இளைஞனுக்கு ஒரு வேலை, ஒரு பொறுப்பு, ஒரு மரியாதை, ஒரு கூட்டம் ஆகியவற்றைக் கொடுத்தார்களே, அதை எடுத்துக்கொள்வோம். இவை நல்ல இடத்தில் கிடைக்காவிட்டால் பையன் சும்மா இருப்பதில்லை. குண்டர் கும்பல் அவற்றையெல்லாம் கொடுக்கக் காத்திருக்கிறது.

இதை உலகமும் கண்டறிந்திருக்கிறது. ஐஸ்லாந்து என்னும் குளிர்நாட்டில் 1998இல், 15, 16 வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 42 பேர் அதற்கு முந்தைய ஒரு மாதத்துக்குள் குடித்து வெறித்தவர்கள். அங்கே விளையாட்டுக்கும் இசைக்கும் பொதுப்பணம் செலவிட்டார்கள். பிள்ளைகளோடு கூடுதல் நேரம் இருக்குமாறு பெற்றோரைக் கேட்டுக்கொண்டார்கள். இரவில் சிறுவர் வெளியே திரிவதைத் தடுத்தார்கள். 2016இல் அந்த எண்ணிக்கை 5 ஆகக் குறைந்தது.

நம்மிடையேயும் சான்று உண்டு. 1982இல் டாக்டர் தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையத்தில், படித்து மேலே வந்தவர்கள் தங்களுக்குப் பின்னால் வரும் ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். இன்று மாணவனாக இருப்பவன் நாளை ஆசிரியனாகிறான். அதுவும் ஒரு தொண்டர் படைதான். தடி ஏந்தாத படை.

ஆகவே பெற்றோர்களே, கோயில் திருவிழாவில் தண்ணீர் ஊற்றும் பொறுப்பை உங்கள் பையனிடம் கொடுங்கள். பந்தாட்டக் குழுவின் கணக்கை எழுதச் சொல்லுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லித்தர அனுப்புங்கள். செய்து முடித்ததும் நாலு பேர் கேட்க ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்கள். அன்று கள்ளுக்கடை வாசலில் நின்ற இளைஞர்கள் யாரோ அல்லர், நம் பாட்டன்மார். அவர்கள் உள்ளே போகாமல் வாசலில் நின்றதற்குக் காரணம், வெளியே அவர்களுக்கு ஒரு வேலை இருந்தது.