தும்பைப்பட்டியிலிருந்து கோட்டை வரை: கக்கன் அவர்களின் தேர்தல் வாழ்வு

மதுரை மாவட்டம் மேலூருக்கு அருகிலுள்ள தும்பைப்பட்டி என்னும் சிற்றூரில், 1908ஆம் ஆண்டு சூன் 18ஆம் நாள், சிற்றூர்க் கோயிலொன்றில் பூசாரியாக இருந்த ஓர் ஏழையின் மகனாகப் பிறந்தவர் பி. கக்கன். தந்தையாரை ஊரார் பூசாரிக் கக்கன் என்றே அழைத்தனர். அவர் பூசை செய்த கோயில் வேறு; ஊர்ப் பெருங்கோயில்கள் வேறு. பூசாரியின் மகனே மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் கால் வைக்க முடியாதிருந்த காலம் அது.

அந்தத் தடை உடைந்த நாள் 1939 சூலை 8. வைத்தியநாதய்யர் தலைமையில் அன்று கோயிலுக்குள் நுழைந்த சிலருள் கக்கனும் ஒருவர். சனாதனிகள் வழக்கு மன்றம் ஏறுவோம் என்று எழுந்தபோது, இராசாசி அரசு அதே ஆண்டில் கோயில் நுழைவுக்குப் பாதுகாப்பளிக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. இந்நிகழ்ச்சியை நம்மவர் பலரும் அறிவர். அதன் பின் அவர் நடந்த வழியைத்தான் நாம் இங்கே விரித்துரைக்க விரும்புகின்றோம்.

மேலூர் வட்டாரத்துச் சேரிகளில் இரவுப் பள்ளிகளுக்காகவும் மாணவர் விடுதிகளுக்காகவும் உழைத்து வந்த கக்கன், 1942 போராட்டத்தில் சிறை புகுந்தார். வெளிவந்த சில ஆண்டுகளில் இந்திய அரசியல் நிர்ணய சபையின் உறுப்பினரானார். சென்னை மாகாணத்திலிருந்து அச்சபைக்குச் சென்ற நம்மவருள் வி.ஐ. முனுசாமிப் பிள்ளை, தாட்சாயணி வேலாயுதன், எஸ். நாகப்பா ஆகியோரும் இருந்தனர். 1948 நவம்பர் 29ஆம் நாள் தீண்டாமை ஒழிந்தது என்னும் விதி அச்சபையில் ஏற்கப்பட்டது. அவ்விதியை இயற்றிய மன்றத்தில் தும்பைப்பட்டிக்கும் ஓர் இருக்கை இருந்தது.

தேர்தல் முறையைச் சற்று விளக்காமல் மேலே செல்ல இயலாது. 1932ஆம் ஆண்டுப் பூனா ஒப்பந்தம் நமக்குத் தனி வாக்காளர் தொகுதியைத் தரவில்லை. தனி இடங்களைத் தந்தது. சென்னை மாகாணச் சட்டசபைக்கு அவ்வாறு கிடைத்த இடங்கள் 30. குடியரசான பின் 1952, 1957 தேர்தல்களில் பல தொகுதிகள் இரட்டை உறுப்பினர் தொகுதிகளாயின. வாக்காளர் ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்குகள்; ஒரு வேட்பாளருக்கு ஒரு வாக்குதான். நம்மவருள் மிகுதியான வாக்குப் பெற்றவர் தனி இடத்தைப் பெறுவார். எஞ்சியவருள் யார் முந்தினாரோ அவர் பொது இடத்தைப் பெறுவார். அவரும் நம்மவராக இருக்கலாம்! ஆந்திரத்துப் பார்வதிபுரத்தில் 1957இல் அவ்வாறே நேர்ந்தது. பிற்காலத்தில் குடியரசுத் தலைவரான வி.வி. கிரி அங்கே தோற்க, பழங்குடியினர் இருவரே இரண்டு இடங்களையும் பெற்றனர். கிரி உச்சநீதிமன்றம் வரை சென்றும் அத்தீர்ப்பு மாறவில்லை. அதன்பின் 1961இல் இரட்டைத் தொகுதி முறையே சட்டத்தால் நீக்கப்பட்டது. காரணம் தொகுதிகளின் பரப்பு என்று சொல்லப்பட்டது. நம் இளைஞர்கள் இவ்விரண்டு நிகழ்ச்சிகளையும் சேர்த்து எண்ணிப் பார்க்கட்டும்.

கக்கன் இம்முறைகள் அனைத்தையும் கடந்து வந்தவர். 1952இல் மதுரையிலிருந்து மக்களவை சென்றார். 1954இல் காமராசர் முதலமைச்சரான பின், தமிழ்நாடு காங்கிரசுக் கமிட்டியின் தலைமை அவரை வந்தடைந்தது. 1957இல் மேலூரிலிருந்து சட்டமன்றம் புகுந்து, எண்மர் கொண்ட அமைச்சரவையில் ஒருவரானார். 1962இல் சமயநல்லூர் தனித் தொகுதியில் வென்றார்.

அவர் வகித்த துறைகளைக் கவனிக்க வேண்டும். நம்மவர் அமைச்சராவது அவருக்கு முன்பே உண்டு. 1937இல் முனுசாமிப் பிள்ளை அமைச்சரானார், 1954இல் பி. பரமேசுவரன் இந்து அறநிலையத் துறைக்கே அமைச்சரானார். கக்கனிடம் 1957இல் அரிசன நலத்தோடு பொதுப்பணித் துறையும் வந்தது. வைகை அணை 1959 சனவரியில் திறக்கப்பட்டது அவர் அத்துறையில் இருந்தபோதுதான். 1962இல் வேளாண்மை. 1963 அக்டோபரில், காமராசர் பதவி விலகிப் பக்தவத்சலம் முதலமைச்சரானபோது, உள்துறை. போலீசுத் துறை நம்மவர் ஒருவர் கையில் வந்தது சிறு செய்தியன்று. சேரிக்குள் போலீசு எவ்வாறு நுழையும் என்பதை அறிந்தோர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

ஆயினும் அத்துறையே அவருக்குப் பெருஞ்சுமையாயிற்று. 1965 சனவரி, பிப்ரவரி மாதங்களில் இந்தி எதிர்ப்புப் போராட்டம் மாநிலமெங்கும் மூண்டபோது, துப்பாக்கிச் சூட்டில் மாணவரும் பொதுமக்களும் மடிந்தனர். உள்துறை அமைச்சர் என்ற முறையில் அப்பொறுப்பிலிருந்து கக்கனை விடுவிக்க நம்மால் இயலாது. தில்லியின் மொழிக் கொள்கையை வகுத்தவர் அவரல்லர் என்பதும், அமைச்சரவை முழுதும் ஏற்ற முடிவுக்கு அவர் ஒருவரே முகமானார் என்பதும் உண்மை. அவரை வாழ்த்துவோர் இப்பகுதியை விழுங்கிவிடுகின்றனர்; தூற்றுவோர் இதனை மட்டுமே நினைவில் வைக்கின்றனர். இரண்டும் வரலாறாகா.

1967இல் அரிசித் தட்டுப்பாடும் மொழிச் சினமும் சேர்ந்து காங்கிரசை வீழ்த்தின. விருதுநகரில் காமராசரும், சீபெரும்புதூரில் பக்தவத்சலமும் தோற்றனர். மேலூர் தெற்குத் தனித் தொகுதியில் கக்கன், தி.மு.க.வின் ஓ.பி. இராமனிடம் தோற்றார். வென்றவரும் நம்மவரே, பின்னாளில் அவரும் அமைச்சரானார். தனித் தொகுதியின் இயல்பு இதுதான். இடம் நம்மிடமே நிற்கும். அதில் அமர்பவர் யார் என்பதை ஊர் முழுதும் சேர்ந்து தீர்மானிக்கும். கட்சியின் குரலா, சமுதாயத்தின் குரலா என்ற நெருக்கடி அங்கே அமர்பவர் எவரையும் விடுவதில்லை. அண்ணல் அம்பேத்கர் தனி வாக்காளர் தொகுதி கேட்டது இதனை முன்னறிந்துதான். கக்கன் அவ்வழியில் வந்தவரல்லர்; காந்தியத்திலும் காங்கிரசிலும் இறுதிவரை நின்றவர். அவர் கட்சிக்குக் கட்டுப்பட்ட அளவுக்குச் சமுதாயத்திற்காக வாதாடினாரா என்று நம் முன்னோருள் சிலர் கேட்டதுண்டு. கேள்வி நியாயமானதே. ஆனால் அணையும் வயலும் போலீசும் நம்மவர் ஆளக்கூடிய துறைகளே என்பதை மெய்ப்பித்துக் காட்டியதும் அவரே என்பது நம் கருத்து.

பத்தாண்டுகள் அமைச்சராக இருந்தவர் பதவி நீங்கியபின் வாடகை வீட்டில் குடியிருந்தார். பேருந்தில் பயணம் செய்தார். நோயுற்றபோது மதுரை அரசு மருத்துவமனையில் பொதுப் பிரிவில் படுத்திருந்தார். வேறொருவரைக் காண அங்கு வந்த முதலமைச்சர் எம்.ஜி.ஆர். அதனை அறிந்து சென்று பார்த்தார். அதன் பின்னரே அரசின் உதவிகள் கிடைத்தன. 1981 டிசம்பர் 23ஆம் நாள் கக்கன் மறைந்தார். தும்பைப்பட்டியில் இன்று அவருக்கு மணிமண்டபம் உள்ளது. 1999இல் அஞ்சல் துறை அவர் உருவம் தாங்கிய தலையொன்றை வெளியிட்டது.