தரையின் மேல் ஒரு தரை

கள்ளக்குறிச்சியில் வசிக்கும் நண்பர் ஒருவர் சென்ற ஆண்டு தம் வீட்டு முன்வாசல் தரையைப் புதுப்பித்தார். இருபத்தைந்து ஆண்டுப் பழைய சிமெண்ட் தரை அது. வண்டி நிறுத்தி நிறுத்தி எண்ணெய்க் கறை ஏறியிருந்தது. நடுவே, வரைபடத்தில் ஆறு போவதுபோல, வளைந்து வளைந்து ஒரு விரிசலும் ஓடியிருந்தது. இடித்துப் போடச் செலவு அதிகம் என்பதால், பழைய தரையை அப்படியே விட்டு, அதன் மேல் அரை அங்குலத்துக்கு ஒரு பூச்சைப் பரப்பி, அது இறுகுவதற்குள் அச்சுப் பாய்களை வைத்து அழுத்தி, கருங்கல் பாவிய கோயில் பிராகாரம் போல ஆக்கிக் கொடுத்தார்கள். தீபாவளிக்குப் போனபோது குனிந்து தொட்டுப் பார்த்த பிறகுதான் அது கல்லில்லை என்று எனக்குத் தெரிந்தது. பொங்கலுக்குப் போனபோது அந்தப் போலிக் கற்களின் குறுக்கே, கல்லுக்கும் கல்லுக்கும் இடையே வரைந்த கோடுகளைச் சற்றும் மதியாமல், பழைய விரிசல் அதே வளைவுகளோடு மேலே வந்திருந்தது.

நண்பருக்கும் ஒப்பந்தக்காரருக்கும் நடந்த வழக்கு இங்கே வேண்டாம். பார்க்க வந்த வயதான கொத்தனார் ஒருவர், ‘கீழ இருக்கறதுதானே சார் மேல வரும்’ என்று மட்டும் சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்தார். அந்த வாக்கியம் என்னைப் பல நாள்கள் விடவில்லை. தமிழ் படித்தவனுக்குக் கட்டடத் தொழிலில் என்ன வேலை என்று கேட்கலாம். பழையதை அகற்றாமல் அதன் மேல் புதியதைப் பூசுவது நம் நாட்டில் மிக நீண்ட வரலாறு உடையது. கள்ளக்குறிச்சியைச் சுற்றிய ஊர்களிலேயே அந்த வரலாற்றின் சில முக்கியமான பக்கங்கள் கிடைக்கின்றன.

சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். சுண்ணாம்புப் பூச்சுக்குப் பழைய பெயர் சுதை. வடமொழியில் அந்தச் சொல்லுக்கே அமுதம் என்றும் பொருள் உண்டு. சாந்து என்னும் சொல்லோ மார்பில் பூசும் சந்தனத்தையும் குறிக்கும், சுவரில் பூசும் கலவையையும் குறிக்கும். உடலுக்குப் பூசுவதையும் வீட்டுக்குப் பூசுவதையும் ஒரே சொல்லால் அழைத்த ஒரு சமூகம், பூச்சை வெறும் மறைப்பாகக் கருதியிருக்காது என்றே நினைக்கிறேன்.

ஆனால் அந்தச் சுதையை வேண்டாம் என்று சொன்ன அரசனும் நமக்கு அண்டையில்தான் இருக்கிறான். விழுப்புரம் மாவட்டம் மண்டகப்பட்டில், ஏழாம் நூற்றாண்டில், முதலாம் மகேந்திரவர்மன் ஒரு பாறையைக் குடைந்து பிரமன், சிவன், திருமால் மூவருக்கும் கோயில் எடுத்தான். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல் இதை ஆக்கினேன் என்று அங்குள்ள வடமொழிக் கல்வெட்டில் பெருமைப்படுகிறான். அவனுக்கு முந்திய கோயில்களில் சுதை எவ்வளவு இன்றியமையாததாக இருந்திருந்தால், அதன் இன்மையைக் கல்லில் வெட்டி வைத்திருப்பான்! வேடிக்கை என்னவென்றால் அவன் வழித்தோன்றல்களே சுதையிடம் திரும்பினார்கள். ராஜசிம்மன் கட்டிய பனமலைக் கோயிலிலும் காஞ்சி கைலாசநாதர் கோயிலிலும் கல்லின் மேல் மெல்லிய சுண்ணப் பூச்சு இட்டு, அதன் மேல் ஓவியம் தீட்டினார்கள். பனமலையில் குடை நிழலில் நிற்கும் உமையின் உருவம் இன்று எஞ்சியிருப்பது அந்தப் பூச்சு எஞ்சிய அளவுக்குத்தான்.

இனித் திருக்கோவலூர். இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். உலகளந்த பெருமாள் கோயிலில், பதினோராம் நூற்றாண்டில் இரண்டாம் ராஜேந்திர சோழன் காலத்தில் பொறித்த கல்வெட்டு ஒன்று உண்டு. மிலாட்டுத் தலைவன் நரசிம்மவர்மன் கோயிலுக்கு வருகிறான். செங்கல்லால் ஆன பழைய கருவறை நாட்பட்டு விரிசல் கண்டிருப்பதைப் பார்க்கிறான். அதை அகற்றிவிட்டுக் கருங்கல்லால் புதிதாக எடுப்பிக்கிறான். ஒரு கலம் சாந்து குழைத்துப் பூசியிருந்தால் அவன் காலம் வரைக்கும் அந்த விரிசல் கண்ணில் பட்டிருக்காது. வகுப்பில் இந்தக் கல்வெட்டைப் பலமுறை சொல்லியிருக்கிறேன், எப்போதும் மலையமான் மரபைப் பற்றிப் பேசுவதற்காகவே. அதில் விரிசல் என்று ஒரு செய்தி இருப்பது, நண்பரின் வாசலில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

இதற்கு நேர் எதிரான கதை தஞ்சையில். 1010இல் முடிந்த பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றிய உள்வழியில் சோழர்கள் சுண்ணப் பூச்சின் மேல் ஓவியம் தீட்டினார்கள். சில நூற்றாண்டுகள் கழித்து நாயக்கர் காலத்தில் அதன் மேலேயே இன்னொரு பூச்சு, இன்னொரு ஓவியம். கீழே ஒன்று இருப்பதையே உலகம் மறந்துபோயிற்று. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே.கோவிந்தசாமி உள்ளே சென்று பார்த்தபோது, மேல் அடுக்கு உதிர்ந்த இடங்களில் சோழ வண்ணங்கள் தலைகாட்டின. பிற்பாடு இந்தியத் தொல்லியல் துறை நாயக்கர் அடுக்கைச் சேதமில்லாமல் உரித்தெடுத்துத் தனியே பலகைகளில் பதித்தது. மேற்பூச்சு சரியாக ஒட்டாமல் உதிர்வது கொத்தனாருக்கு இழுக்கு. தஞ்சையில் அந்த இழுக்குத்தான் நமக்குச் சோழ ஓவியத்தைக் கொடுத்தது. நாயக்கர் காலத்துக் கலைஞர்கள் இன்னும் கெட்டிக்காரர்களாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே அச்சமாக இருக்கிறது.

பழைய பரப்பில் புதுப் பூச்சு எப்படி ஒட்டும்? கொத்தனார்களின் விடை எளியது: காயப்படுத்த வேண்டும். வழவழப்பான பழைய பரப்பை உளியால் புள்ளி புள்ளியாகக் கொத்திவிட்டு, தூசி போகக் கழுவி, ஈரம் காட்டி, பிறகு பூசுவார்கள். கொத்தாமல் பூசினால் தட்டும்போது பானையைத் தட்டுவது போல் ஒலிக்கும். சில மாதங்களில் ஏடு ஏடாகப் பெயரும். இன்று கொத்துவதற்குப் பதில் இயந்திரத்தால் தேய்க்கிறார்கள். ஒட்டுவதற்கு ஒரு வேதிப்பசையைத் தடவி, பாலிமர் சேர்ந்த கலவையைக் கால் அங்குலத்திலிருந்து முக்கால் அங்குலம் வரை பரப்புகிறார்கள். அச்சில் ஒட்டிக்கொள்ளாதிருக்க வண்ணத்தூள் தூவி, பாலியூரிதீன் பாய்களை வைத்து அழுத்துகிறார்கள். அழுத்தும் நேரத்தில்தான் கைத்திறம் இருக்கிறது. முந்தினால் அச்சு புதைந்து கலவை பெயர்ந்து வரும். பிந்தினால் பதியவே பதியாது. சித்திரை வெயிலில் நம் ஊரில் அந்த இடைவெளி மிகக் குறுகியது. கடைசியில் கழுவி, மேலே ஒரு காப்புப் பூச்சு. அதை இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை திரும்பப் பூசவேண்டும். இதைப் பெரும்பாலோர் வீட்டுக்காரரிடம் சொல்வதில்லை.

பாலிமர் என்றதும் புதுமை என்று மயங்க வேண்டியதில்லை. சுண்ணாம்போடு வெல்லமும் கடுக்காயும் சேர்த்தது, செட்டிநாட்டில் முட்டை வெண்கரு சேர்த்தது எல்லாம் அதே வேலைக்குத்தான்: கலவை இழைய, மெல்ல இறுக, நன்றாகப் பற்ற. கடுக்காய் கல்வராயன் மலையின் வனப்பொருள்களில் ஒன்று. மலையாளி மக்கள் பொறுக்கிக் கொண்டுவரும் காய் கீழ்நாட்டு மாளிகைகளின் சுவரில் இறங்கியது.

சிமெண்ட் வந்ததும் எல்லாம் மாறிற்று. இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்துக் கொத்தனார் ஜோசப் ஆஸ்ப்டின் 1824இல் அதற்குக் காப்புரிமை பெற்றபோது ‘போர்ட்லாண்ட்’ என்று பெயரிட்டதே, அது போர்ட்லாண்ட் தீவின் கல்லைப் போல இருக்கிறது என்பதால்தான். ஆக, சிமெண்ட் பிறந்தபோதே கல்லாக வேடம் போட்டது. தமிழகத்தில் டால்மியாபுரம் ஆலை 1939இல் வந்தது. (1953இல் அந்த ரயில் நிலையத்துக்குக் கல்லக்குடி என்று பெயர் கேட்டு நடந்த போராட்டத்தை, எங்கள் ஊரில் நடந்ததென்று தேர்வில் எழுதும் மாணவர் ஆண்டுக்கு ஒருவராவது இருப்பார்.) வீடுகளில் காவி கலந்த சிமெண்ட் தரைகள் வந்தன. ஓரத்தில் கறுப்புக் கரை, நடுவில் சிவப்பு. வாசலிலும் குளியலறையிலும் வழுக்காதிருக்க, ஈரக் கலவையில் நூலை இழுத்துப் பிடித்துச் சுண்டிக் கட்டம் போட்டு, முள்முள்ளான சிறு உருளையை உருட்டிப் புள்ளி பதிப்பார்கள். கூலி கூடுதலாகக் கேட்காத கொத்தனார் நடுவில் ஒரு தாமரையும் கரணை நுனியால் கீறிவிட்டுப் போவார். பக்கத்தில் ஆண்டு எண்ணும் இருக்கும். ஈரச் சிமெண்டில் அச்சுப் பதிக்கும் கலையைக் கலிபோர்னியாவில் பிராட் பௌமன் 1950களில் தொழிலாக வளர்த்தார் என்பது வரலாறு. நம் உருளைக்காரரின் பெயர் எங்கும் பதிவாகவில்லை. பௌமன் கல்லைப் போலச் செய்ய முனைந்தார். நம்மவர் சிமெண்டைச் சிமெண்டாகவே விட்டு அதில் கோலம் போட்டார். எனக்கு இரண்டாமவரிடம் கூடுதல் மரியாதை உண்டு, மறைக்கவில்லை.

கல்வராயன் மலையில் நிலைமை வேறு. மூன்று ஜாகீர்தார்களின் கீழ் இருந்து 1976இல்தான் அரசு நிர்வாகத்துக்குள் வந்த மலை அது. மண் தரையைச் சாணத்தால் மெழுகும் வீடுகள் அங்கே இன்னும் சில உள்ளன. மெழுகுவதும் ஒரு மேற்பூச்சுத்தான். நாள் கிழமைக்கு ஓர் அடுக்கு, ஆண்டுக்கணக்கில் அடுக்கின் மேல் அடுக்கு. ஆனால் அங்கே யாரும் பழைய தரையைக் கொத்துவதில்லை. கீழேயும் மண், மேலேயும் மண். நீர் பட்டதும் இரண்டும் ஒன்றாய் இளகி ஒன்றாய்க் காய்கின்றன. விரிசல் விட்டால் அடுத்த வெள்ளிக்கிழமை அதற்கு மருந்து. காங்கிரீட்டின் மேல் வரும் பாலிமர் பூச்சுக்கு அந்த வாய்ப்பு இல்லை. வெயிலில் அடித்தளம் ஒருவகையாக விரியும், மேற்பூச்சு வேறுவகையாக விரியும். கீழே விரிசல் அசைந்துகொண்டிருந்தால் அரை அங்குலம் அதை எப்படித் தடுக்கும்?

வெள்ளிமலைக்குப் போகும் வழியில் ஒரு புதுக் கட்டடத்தின் முற்றத்தில் மரப்பலகை போல அச்சிட்ட தரையைப் பார்த்தேன். பலகையின் இழை, கணு, ஆணித் தலை எல்லாம் பதிந்திருந்தன. ஒரே கணு நான்கடிக்கு ஒருமுறை திரும்ப வந்தது. அச்சு ஒன்றுதானே. சுற்றிலும் காடு. கட்டியவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அச்சிட்ட தரையால் எந்த மரமும் விழவில்லை. அதுவும் ஒரு கணக்கு.

என் கவலை வீடுகளைப் பற்றியதன்று. தமிழகத்தின் பழைய கோயில்கள் பலவற்றில் தரை மேல் தரை போட்டுப் போட்டு அதிட்டானத்தின் அடிப்பகுதி மண்ணுக்குள் போய்விட்டது. இரண்டு அங்குலம் ஒருமுறை, மூன்று அங்குலம் ஒருமுறை. கல்வெட்டைப் படிக்கக் குனிந்தால் கடைசி வரிகள் தரைக்குள் இருக்கும். கொடையின் அளவையும் எல்லையையும் படித்துக்கொண்டே வருவோம். இந்தத் தர்மத்தை யார் காக்கவேண்டும் என்று வரும் இடத்தில் சிமெண்ட் தொடங்கும். அந்த வரியைப் படிக்க உளி எடுத்தால் கல்லும் சேர்ந்து பெயரும். தஞ்சையில் சுண்ணாம்பு உதிர்ந்து கொடுத்ததைச் சிமெண்ட் கொடுக்காது. அது கெட்டியாகப் பற்றிக்கொள்ளும். வீட்டு வாசலில் ஒட்டவில்லையே என்று சண்டை போடுகிற நாம், கோயிலில் அது இவ்வளவு நன்றாக ஒட்டியிருக்கிறதே என்று ஒருநாளும் வருந்தியதில்லை.

நண்பர் வீட்டு விரிசலுக்கு அந்த முதிய கொத்தனாரே வழி சொன்னார். மேற்பூச்சை விரிசலின் தடத்திலேயே பழைய தரை வரைக்கும் அறுத்து, இறுகிப்போகாத ரப்பர் மாதிரியான பொருளால் நிரப்பினார்கள். இப்போது போலிக் கற்களின் நடுவே ஒரு கறுத்த கோடு வளைந்து வளைந்து போகிறது. அது கோமுகி ஆறு என்று நண்பரின் மகள் வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.